கோபா முண்டியாலும் பெங்களூரு செம்மண்ணும்

முதலிலேயே சொல்லிவிடலாம். வேகமாக வருகிற பாஸைக் காலோடு ஒட்டவைப்பதில் அடிடாஸின் ஃபுட்பால் ஷூவான கோபா முண்டியாலின் தோலுக்கு ஈடு சொல்ல அதிக ஷூ இல்லை. ஆனால் வாரநாள் ராத்திரியில் டர்ஃபிலும் (செயற்கைப் புல் தரை) ஞாயிற்றுக்கிழமை காலையில் செம்மண்ணிலும் ஆடுகிற பெங்களூரு ஸ்ட்ரைக்கர் அந்தப் பேரை மட்டும் நம்பி பத்தாயிரத்துக்கு மேல் செலவழித்தால், பாதிப் பணம் வீண். கடையில் எல்லோரும் கட்டைவிரலால் மேல் தோலைத்தான் அமுக்கிப் பார்க்கிறார்கள். ஷூவைத் திருப்பி அடியைப் பார்ப்பவர் பத்துக்கு ஒருவர்.

இங்கே எடைபோடுவது இரண்டு ஷூக்களை. ஒன்று கோபா முண்டியால், எஃப்.ஜி. வகை, அதாவது இறுகிய இயற்கைப் புல்லுக்கானது. மற்றொன்று அதே வீட்டுத் தம்பி முண்டியால் டீம், டி.எஃப். வகை, செயற்கைப் புல்லுக்கானது. முன்பக்கம் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரியே இருக்கும். அடியில்தான் ஆள் மாறுகிறது.

ஸ்ட்ரைக்கருக்குச் சோல் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு இந்திய ஸ்ட்ரைக்கர் சுனில் சேத்ரி போன ஊர்களை வரிசையாகப் பார்த்தால் போதும். 2002-இல் மோகன் பகான். 2005-இல் பஞ்சாபின் ஜே.சி.டி. 2008-இல் ஈஸ்ட் பெங்கால். பிறகு கோவாவின் டெம்போ. 2010-இல் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டி விசர்ட்ஸ். அந்த அணியின் சொந்த கிரவுண்டே அப்போது ஒரு பேஸ்பால் மைதானம். திரும்பி வந்து சிராக் யுனைடெட், மறுபடி மோகன் பகான். 2012-இல் போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் பி அணி, அங்கிருந்து கடனாக சர்ச்சில் பிரதர்ஸ், 2013-இல் பெங்களூரு எஃப்.சி. நடுவே 2015, 2016-இல் மும்பை சிட்டி.

இந்தப் பட்டியலில் கிளப் பெயரை விட்டுவிட்டுத் தரையை மட்டும் பாருங்கள். கொல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியத்தில் 2011-இல் செயற்கைப் புல். அந்த வருஷம் செப்டம்பர் 2-ஆம் தேதி மெஸ்ஸியின் அர்ஜென்டினா வெனிசுவேலாவோடு ஆடியதும் அதன் மேல்தான். 2017 அண்டர்-17 உலகக் கோப்பைக்காக அதைச் சுருட்டி எடுத்துவிட்டு மறுபடி இயற்கைப் புல் வளர்த்தார்கள். பெங்களூரு எஃப்.சி. தன் முதல் சீசனை, 2013-14-ஐ, கருடா மாலுக்குப் பக்கத்தில் உள்ள அசோக் நகர் ஃபுட்பால் ஸ்டேடியத்தின் செயற்கைப் புல்லில் ஆடி, அந்த வருஷமே தேசிய லீக்கான ஐ-லீக் கோப்பையைத் தூக்கியது. அடுத்த சீசனில் அதே ஊர்க் கண்டீரவா ஸ்டேடியத்துக்கு மாறினார்கள். அங்கே இயற்கைப் புல். ஒரே ஊர், ஒரே அணி, ஒரே ஆள். பன்னிரண்டே மாதத்தில் காலுக்கடியில் இருந்தது வேறு தரை. தொழில்முறை ஆட்டக்காரருக்கு அணியின் கிட் அறையில் வேறு வேறு சோலில் ஜோடிகள் தயாராக இருக்கும். நமக்கு இருப்பது ஒரு ஜோடி, அதுவும் இ.எம்.ஐ.யில். எந்த ஜோடி என்பதில்தான் எல்லாமே.

(சேத்ரி கோபா போட்டு கோல் அடித்தவர் என்று இதற்கு அர்த்தம் இல்லை. 2020-இல் அவர் ஒப்பந்தம் போட்டது பூமாவோடு.)

இனி ஷூவுக்கு வருவோம். கோபா முண்டியால் 1979-இல் வந்தது, 1982 ஸ்பெயின் உலகக் கோப்பையைக் குறிவைத்து. ஜெர்மனியில் ஷைன்ஃபெல்ட் என்ற சின்ன ஊரின் தொழிற்சாலையில் தைத்தார்கள். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் உருவம் பெரிதாக மாறவில்லை. கறுப்புத் தோல், மூன்று வெள்ளைப் பட்டை, முன்பக்கம் விரல்களுக்கு மேல் குறுக்கே ஓடும் தையல் வரிகள், மடித்துவிடக்கூடிய நீள நாக்கு. அந்தத் தையல் அழகுக்காகப் போட்டதல்ல. தோல் எல்லாப் பக்கமும் இஷ்டத்துக்கு இழுபட்டுப் பை மாதிரி தொங்காமல் அதுதான் பிடித்து வைக்கிறது.

இந்தப் பேரைச் சம்பாதித்துக் கொடுத்தது கங்காருத் தோல். அதன் நார்கள் மேற்பரப்புக்கு இணையாக, நெருக்கமாக ஓடுகின்றன. மாட்டுத் தோலை அவ்வளவு மெலிதாகச் சீவினால் பலம் போய்விடும். இது மெலிந்த பிறகும் தாங்கும். அதனால்தான் பந்து படும்போது நடுவில் ஒன்றும் இல்லாத மாதிரித் தோன்றுகிறது. பின்னால் டிஃபென்டர் முதுகில் சாய்ந்துகொண்டிருக்க, முன்னால் வருகிற பந்தை நிறுத்தி விங்குக்குத் தட்டிவிட வேண்டிய ஸ்ட்ரைக்கருக்கு இது பெரிய உதவி. கடின சிந்தெட்டிக்கில் ஓர் அடி தள்ளி எகிறுகிற பந்து, இதில் அரை அடிக்குள் நிற்கும்.

ஒரு விஷயம் மாறிக்கொண்டிருக்கிறது. கங்காருத் தோலை விடுவதாக 2023-இல் பூமாவும் நைக்கும் அறிவித்தன. 2025-இல் அடிடாஸும் அதே வழிக்கு வந்துவிட்டது. அதனால் 'கோபா முண்டியால்' என்று எழுதியிருந்தாலே உள்ளே அந்தப் பழைய தோல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கடை விவரத்தில் எந்தத் தோல் என்று பார்த்து, எழுதவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். மாட்டுத் தோல் என்றால் ஷூ மோசம் என்று சொல்லவில்லை. பழக அதிக நாள் எடுக்கும், தொடுகை சற்றுத் தடித்திருக்கும். அந்த விலைக்கு எது கையில் வருகிறது என்று தெரிந்து கொடுப்பது நல்லது.

குறை என்று பார்த்தால் முதலில் எடை. ஒரு ஷூ 300 கிராமைத் தாண்டும். 2010-இல் இதே கம்பெனி விட்ட எஃப்-50 அடிஸீரோ 165 கிராம்தான். முதல் ஐந்து மீட்டர் ஓட்டத்தையே நம்பிக் கோல் அடிக்கிறவருக்கு, டிஃபென்ஸ் லைனை உரசிக்கொண்டே நின்று பந்து கிளம்பும்போது பாய்கிறவருக்கு, இந்த எடை கடைசி இருபது நிமிஷத்தில் தெரியும். மழையில் தோல் தண்ணீர் குடித்தால் இன்னும் கூடும். பாக்ஸுக்குள் நின்று, உடம்பைக் கொடுத்து, இரண்டு தொடுகையில் வேலையை முடிக்கிற ரகம் என்றால் கவலை இல்லை. 2017-18-இல் கண்டீரவாவில் ஆடிய வெனிசுவேலாவின் மிக்கு அந்த ரகம். ஸ்பெயினில் கெட்டாஃபே, ராயோ வயேகானோ, ஸ்காட்லாந்தில் செல்டிக் என்று சுற்றிவிட்டு இங்கே வந்து அந்த ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) சீசனில் 15 கோல் அடித்தவர்; சேத்ரி அதே சீசனில் 14. ஆட்டம் எந்த ரகம் என்று பார்த்த பிறகு எடையைப் பற்றி யோசித்தால் போதும்.

இப்போது சோல். கோபாவின் அடி பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக். முன்னால் 8, குதிகாலில் 4, மொத்தம் 12 ஸ்டட் (தரையைக் கவ்வும் முளை), எல்லாம் உருண்டைக் கூம்பு வடிவம், சோலோடு சேர்த்தே வார்த்தவை. இந்த உருண்டைக்குத் தனி மதிப்பு உண்டு. கத்தி மாதிரிப் பட்டையான ஸ்டட் நேர் ஓட்டத்துக்குப் பிடி கொடுக்கும், ஆனால் கால் ஊன்றித் திரும்பும்போது சுலபத்தில் விடாது. உருண்டை ஸ்டட் மண்ணில் சுழன்று விட்டுக்கொடுக்கும்.

ஷாட் அடிக்கிற காலைவிட ஊன்றுகிற காலைக் கவனியுங்கள். பந்துக்குப் பக்கத்தில், ஏறக்குறைய ஒரு சாண் தள்ளி, விரல் நுனி கோலைப் பார்க்க அந்தக் கால் இறங்குகிறது. இறங்கும்போது வழுக்கக் கூடாது. அடித்து முடித்து இடுப்பு திரும்பும்போது பிடித்துக்கொண்டே நிற்கவும் கூடாது. முதலாவது தவறினால் பந்து கிராஸ்பாருக்கு மேலே போகும். இரண்டாவது தவறினால் முழங்கால் போகும். முழங்காலுக்குள் இருக்கும் ஏ.சி.எல். என்ற தசைநார் கிழிகிற சம்பவங்கள் பலவற்றில் எதிராளி தொட்டிருக்கவே மாட்டார். பாதம் தரையில் மாட்டிக்கொள்ள, மேல் உடம்பு திரும்பிவிட்டதுதான் காரணம்.

ஹெட்டருக்கும் இதே கதைதான். 2018 மார்ச் 17, கண்டீரவா, ஐ.எஸ்.எல். இறுதி. ஒன்பதாவது நிமிஷத்திலேயே சேத்ரி பாய்ந்து தலையால் முட்டி பெங்களூருவை முன்னே கொண்டுபோனார். பிறகு சென்னையின் எஃப்.சி.யின் மைல்சன் ஆல்வெஸ் இரண்டு கார்னரிலிருந்து இரண்டு ஹெட்டர், முடிவில் 3-2 என்று கோப்பை சென்னைக்கு. (இந்த ஊர்த் தமிழர்கள் அன்று யாருக்குக் கைதட்டினார்கள் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.) பார்ப்பவர் கண்ணுக்குத் தலை மட்டும் தெரிகிறது. எம்புவதற்கு முந்தைய கடைசி இரண்டு தப்படியில் ஸ்டட் மண்ணைக் கவ்வினால்தான் உயரம் கிடைக்கும்.

அப்படியானால் எந்தத் தரைக்கு எது?

பராமரித்த இயற்கைப் புல், லேசாகத் தண்ணீர் தெளித்தது: கோபா முண்டியால் இதற்காகவே பிறந்தது. பிரச்சினை என்னவென்றால் பெங்களூரில் சாதாரண ஆட்டக்காரருக்கு இப்படிப்பட்ட மைதானம் வருஷத்தில் எத்தனை நாள் கிடைக்கும்?

காய்ந்த செம்மண்: பிப்ரவரி முதல் மே வரை இந்த ஊர் மண் சிமெண்ட் மாதிரி இறுகும். ஸ்டட் உள்ளே இறங்காது. உடம்பு எடை முழுவதும் 12 புள்ளிகளில் நிற்கும். அரை மணியில் பாதத்தில் விரல்களுக்குப் பின்னால் உள்ள மேடு எரிய ஆரம்பிக்கும், குதிகால் குத்தும். கோபாவில் குதிகாலுக்குக் கீழே மெத்தென்று எதுவும் பெரிதாக இல்லை. சரளைக் கல்லில் ஸ்டட்டின் வெளி ஓரம் சாய்வாகத் தேயும். ஸ்க்ரூ ஸ்டட் என்றால் கழற்றி மாற்றலாம். இது வார்த்தது, தேய்ந்தால் தேய்ந்ததுதான். செம்மண்ணில் வாரம் இரண்டு ஆட்டம் ஆடுகிறவர் ஒரு சீசன் முடிவில் திருப்பிப் பார்த்தால் குதிகால் ஸ்டட் பாதி உயரத்தில் இருக்கும். இந்தத் தரைக்கு முண்டியால் டீம்தான் புத்திசாலித்தனம். ரப்பர் அடி, சின்னச் சின்னதாக நிறைய முளைகள், நடுவில் ஈ.வி.ஏ. நுரை மெத்தை. எடை பரவி இறங்குகிறது.

மழைக்கால செம்மண்: இங்கே நிலைமை தலைகீழ். டி.எஃப். முளைகளுக்கு நடுவே சேறு அடைத்து இரண்டு நிமிஷத்தில் அடி வழவழவென்று ஆகிவிடும். அப்போது 12 கூம்பு ஸ்டட்டே காப்பாற்றும். இடைவெளி அதிகம், ஓடும்போதே சேறு உதிர்ந்துவிடும்.

செயற்கைப் புல் டர்ஃப்: கோரமங்களாவிலிருந்து ஹெப்பாள் வரை மொட்டை மாடியிலும் காலி மனையிலும் முளைத்திருக்கிற ஃபைவ்ஸ் (அணிக்கு ஐந்து பேர் ஆட்டம்) பாக்ஸ்கள் எல்லாம் இதுதான். பலவற்றில் 'ஸ்டட் ஷூ அனுமதி இல்லை' என்று வாசலிலேயே பலகை. டர்ஃப் கிழிந்துவிடும் என்று அவர்கள் கவலை. உங்கள் கவலை முழங்காலாக இருக்கட்டும். புதிதாகப் போட்ட டர்ஃபில் நார் நிமிர்ந்து, நடுவே மணலும் கறுப்பு ரப்பர் தூளும் நிறைந்திருக்கும். எஃப்.ஜி. ஸ்டட் அதற்குள் முழுசாக இறங்கி உட்கார்ந்துகொள்ளும். திரும்பும்போது லேசில் விடாது. இரண்டு மூன்று வருஷம் ஆன டர்ஃபில் நார் படுத்து, ரப்பர் தூள் போய், கோரைப் பாய் விரித்த சிமெண்ட் மாதிரி இருக்கும். அங்கே ஸ்டட் இறங்கவே இறங்காது, ஐஸில் நிற்கிற மாதிரி வழுக்கும். இரண்டு நிலையிலும் டி.எஃப். சோல் பிழைத்துக்கொள்கிறது. உள்ளே நுழைந்ததும் கட்டைவிரலை டர்ஃபில் அழுத்திப் பாருங்கள். முதல் கணு வரை தூளுக்குள் போனால் நல்ல டர்ஃப். நகத்திலேயே நின்றுவிட்டால் அன்று ஸ்லைடிங் எல்லாம் வேண்டாம்.

அசோக் நகர் ஸ்டேடியம் மாதிரி பெரிய செயற்கை மைதானத்தில் பதினொரு பேர் ஆட்டம் என்றால் நடுவழி ஒன்று இருக்கிறது: ஏ.ஜி. சோல். ஸ்டட் குட்டை, எண்ணிக்கை அதிகம், பல மாடல்களில் உள்ளே பொள்ளல். கோபா முண்டியாலில் இது கிடையாது. வேறு மாடலைத்தான் பார்க்க வேண்டும். எஃப்.ஜி. ஷூவையே அங்கே போட்டால் ஷூவும் அடி வாங்கும். மத்தியான வெயிலில் செயற்கைப் புல் இயற்கைப் புல்லைவிட மிக அதிகமாகச் சூடாகிறது. அந்தச் சூட்டில் பசை இளகும், அதே நேரம் பிடி அதிகமாக இருப்பதால் ஒவ்வொரு திருப்பமும் சோலை மேல் தோலிலிருந்து இழுக்கும். பிளவு ஆரம்பிக்கிற இடம் பெரும்பாலும் ஒன்றே: சுண்டுவிரல் பக்கம், பாதம் மடிகிற வளைவில். வாரம் ஒருமுறை அந்த இடத்தை விரலால் பிரித்துப் பாருங்கள். நகம் நுழைகிற அளவில் பிடித்துவிட்டால் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து ஓரம் முழுக்கச் சுற்றித் தைத்துவிடலாம். பசை மட்டும் போடாதீர்கள். மூன்று ஆட்டம் தாங்காது. மெழுகு பூசிய தடித்த நூல் கேளுங்கள். பருத்தி நூல் ஈரத்தில் மக்கிவிடும்.

அளவில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். சாயங்காலம், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், ஆட்டத்துக்குப் போடுகிற சாக்ஸோடு ஒரு ஏ-4 தாளைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, குதிகால் சுவரைத் தொட நில்லுங்கள். நீளமான விரல் நுனியில் கோடு. தாள் நீளம் 29.7 செ.மீ.; மீதியைக் கழித்தால் பாத அளவு வந்துவிடும். இரண்டு காலையும் அளந்து பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். அடிடாஸ் லேபிளில் ஜப்பான் அளவு என்று மில்லிமீட்டரில் ஓர் எண் இருக்கும். யு.கே. 8 என்றால் 265, யு.கே. 8½ என்றால் 270, அரை அளவுக்கு 5 மி.மீ. யு.கே. எண்ணைவிட இந்த எண் நம்பகமானது. சிந்தெட்டிக் ஷூவுக்கு விடுகிற கட்டைவிரல் அகல இடைவெளி இதற்குத் தேவையில்லை. மூன்று முதல் ஐந்து மி.மீ. போதும். தோல் அகலத்தில் நன்றாக விரியும், நீளத்தில் அவ்வளவாக விரியாது. ஆகவே அகலத்தில் இறுக்கம் என்று அரை அளவு கூட்டி வாங்கினால், ஒரு மாதத்தில் உள்ளே கால் நீந்தும். நம் ஊர் அகலப் பாதத்துக்கு முதல் வாரம் கடிக்கத்தான் செய்யும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழக்குவதற்கு வெந்நீரில் ஊறவைக்கச் சொல்லும் வீடியோக்கள் நிறைய. செய்யாதீர்கள். வெந்நீர் பசையை இளக்கும், காயும்போது தோலின் எண்ணெயையும் கொண்டுபோய்விடும். வீட்டில் சாக்ஸோடு தினம் இருபது நிமிஷம், நாலு நாள், பிறகு இரண்டு பயிற்சிக்குப் பாஸிங் மட்டும், மூன்றாவதில் ஷாட். லேஸைக் கீழ்த் துளையிலிருந்தே ஒவ்வொரு முறையும் தளர்த்திப் போடுங்கள். அவசரத்தில் குதிகாலை மிதித்துத் திணித்தால் பின்பக்கத் தடுப்பு உடைந்து, அதற்குப் பிறகு எந்த ஓட்டத்திலும் குதிகால் எழும்பும். நீள நாக்கை மடித்து லேஸ் முடிச்சின் மேல் போட்டால் பந்து படுகிற இடம் சமமாக இருக்கும். சிலர் கத்தரித்துவிடுகிறார்கள், அது அவரவர் இஷ்டம். லேஸ் நீளம் என்று சோலுக்கடியில் சுற்றிக் கட்டும் பழக்கத்தை மட்டும் விடுங்கள். செம்மண்ணில் ஐந்தாவது ஆட்டத்தில் அறுந்து, அதுவும் நீங்கள் கோல்கீப்பரோடு தனியாக நிற்கும்போதுதான் அறும்.

ஆட்டம் முடிந்ததும்: இரண்டு ஷூவையும் அடியோடு அடி தட்டி மண்ணை உதிர்த்து, ஈரத் துணியால் துடைத்து, உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து நிழலில் வையுங்கள். இரண்டு மணி நேரம் கழித்துத் தாளை மாற்றுங்கள். வெயில், ஹீட்டர், ஹேர் டிரையர், ஃப்ரிட்ஜ் பின்புறச் சூடு எதுவும் கூடாது. தோல் அப்பளம் மாதிரி விறைத்து மடிப்பில் வெடிக்கும். மாதம் ஒருமுறை லெதர் கண்டிஷனர், ஒரு வேர்க்கடலை அளவு, இரண்டு ஷூவுக்கும் சேர்த்து. தேங்காய் எண்ணெய் வேண்டாம். தோல் தொளதொளத்துப் போவதோடு தூசியும் அப்பும்.

பொக்கிஷமாக எடுத்து வைக்கிறவர்களுக்குத்தான் இந்த ஷூ பெரிய அதிர்ச்சி தரும். பாலியூரித்தேன் காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்து உள்ளுக்குள் சிதைகிற பொருள். போடாமல் பெட்டியிலேயே பல வருஷம் வைத்த ஜோடி, வெளியே புத்தம் புதுசாக இருக்கும். கிரவுண்டில் நாலு எட்டு வைத்தால் சோல் நமுத்துப்போன பிஸ்கட் மாதிரி பொலபொலவென்று உதிரும். பயன்படுத்தாமல் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் ஈரத்தோடு மூடி வைத்தால் இன்னும் சீக்கிரம். அதனால் பழைய ஸ்டாக், 'ஜெர்மனியில் செய்தது' என்று ஆன்லைனில் அதிக விலைக்கு வருவதை ஆடுவதற்காக வாங்காதீர்கள். கட்டாயம் வாங்குவதாக இருந்தால் ஸ்டட்டின் அடிப்பகுதியை நகத்தால் அழுத்துங்கள். ரப்பர் மாதிரி திரும்பி வர வேண்டும். பள்ளம் அப்படியே நின்றாலோ, பிசுபிசுத்தாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

போலிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'ஃபர்ஸ்ட் காப்பி' என்ற பேரில் வருவதில் விரல் மேல் பகுதியைக் கிள்ளிப் பாருங்கள். நிஜத் தோலில் மெல்லிய சுருக்கங்கள் பலவாக விழும். ரெக்சினில் ஒரே ஒரு தடித்த மடிப்பு. ஸ்டட்டை எண்ணுங்கள்: 8, 4. தையல் வரிகள் இரண்டு ஷூவிலும் ஒரே இடத்தில் முடிகின்றனவா என்று அருகருகே வைத்துப் பாருங்கள்.

மதிப்பெண் கேட்கிறவர்களுக்கு: மாதத்தில் இரண்டு முறையாவது இயற்கைப் புல்லில் பதினொரு பேர் ஆட்டம் ஆடுகிறவருக்குக் கோபா முண்டியால் பத்துக்கு எட்டரை, எடைக்காக ஒன்று, சோல் ஆயுளுக்காக அரை குறைத்தாயிற்று. டர்ஃபிலும் காய்ந்த மண்ணிலும் மட்டும் ஆடுகிறவருக்கு அதே ஷூ பத்துக்கு நாலு. முண்டியால் டீம் எட்டு. வாரம் ஒருமுறை ஆபீஸ் நண்பர்களோடு ஃபைவ்ஸ் ஆடுகிறவர் இரண்டையும் விட்டுவிட்டு ஜலந்தரின் நிவியா மாதிரி ஒரு டி.எஃப். ஜோடி வாங்கி, மிச்சப் பணத்தில் நல்ல ஷின் கார்டும் சாக்ஸும் எடுத்தால் குறை ஒன்றும் இல்லை.

1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியா பிரான்ஸோடு ஆடியபோது அணியில் பெரும்பாலோர் வெறுங்காலில் ஆடினார்கள். 1-2 என்று தோற்ற அந்த ஆட்டத்தில் இந்தியாவின் ஒரே கோல், ஒலிம்பிக்கில் இந்தியா அடித்த முதல் கோல், சாரங்கபாணி ராமனுடையது. இதைச் சொல்லிப் பிள்ளைகளுக்கு ஷூவே வேண்டாம் என்று வாதாடுகிற பெரியவர்கள் அல்சூர் கௌதமபுரத்தில், பெலே சிலைக்குப் பக்கத்திலேயே இன்றும் கிடைப்பார்கள். ஃபுட்பால் ஆட்ட விதிகளில் விதி எண் 4 ஷூ கட்டாயம் என்கிறது. வாதம் அங்கே முடிந்தது. ஆனால் பன்னிரண்டு பதிமூன்று வயதுப் பையனுக்கோ பெண்ணுக்கோ கோபா வாங்கித் தருவதும் தேவையில்லாத செலவு. பாதம் ஆறு மாதத்தில் அரை அளவு ஏறலாம். தோல் பழகி முடியும்போது ஷூ சிறுத்திருக்கும். 'வளர்ற பிள்ளைதானே' என்று இரண்டு அளவு பெரியதாக வாங்கி நுனியில் பஞ்சு அடைப்பது அதைவிட மோசம். ஷூ மடிகிற இடமும் பாதம் மடிகிற இடமும் வேறாகிப்போய், ஷாட் அடிக்கும்போது நுனி தரையில் தட்டும். பந்து போகிற பக்கத்தைப் பிள்ளையாலேயே கணிக்க முடியாது. சரியான அளவில், விலை குறைந்த டி.எஃப். ஜோடி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏ-4 தாள். குதிகால் வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் முதலில் ஷூவைத் திருப்பி, எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள்.